1930 ஃபோர்டு மாடல் ஏ-வும் இன்றைய காரும்: ஓட்டுவதில், பராமரிப்பதில் எங்கே மாற வேண்டும்?

புதுக்கிளட்ச் கேட்டது:

வணக்கம். 1930 ஃபோர்டு மாடல் ஏ ஒன்று கைக்கு வரும் போலிருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது, பிரேக் ஒரிஜினல் ராடு பிரேக் (பெடலிலிருந்து இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடிப்பது), மின்சாரம் ஒரிஜினல் 6 வோல்ட். எனக்குப் பழக்கமானதெல்லாம் ஃபூயல் இன்ஜெக்‌ஷன், ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகள். வாரம் ஒரு நாள், 30–40 கிலோமீட்டர் ஓட்டினால் போதும்.

"பழசுதான் எளிமை, கணினியும் இல்லை தொல்லையும் இல்லை" என்று ஒரு கட்சி சொல்கிறது. "அது வண்டியே இல்லை, முழுநேர வேலை" என்கிறது இன்னொரு கட்சி. எனக்குத் தெரிய வேண்டியது: ஓட்டும்போது எந்தப் பழக்கத்தையெல்லாம் மாற்றணும்? ஆயில், கிரீஸ் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? எது உடையும், ஏன்? இன்றைய டிராஃபிக்கில் எந்த வேகம் வரை நம்பலாம்?

கைகிராங்க்:

இரண்டு கட்சியும் சரி. கணினி இல்லைதான். ஆனால் அது பார்க்கிற வேலை எங்கேயும் போய்விடவில்லை, ஸ்டியரிங்கில் இரண்டு லீவராகவும் டேஷுக்குக் கீழே ஒரு குமிழாகவும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. இடது லீவர் ஸ்பார்க் டைமிங். வலது லீவர் கை ஆக்சிலரேட்டர். குமிழை இழுத்தால் சோக், திருகினால் பெட்ரோல் கலவை.

குளிர்ந்த இன்ஜினை எழுப்பும் வரிசை இது. முதலில் பெட்ரோல் வால்வைத் திறங்க. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஸ்பார்க் லீவரை முழுசாக மேலே தள்ளுங்க, அதுதான் ரிடார்ட், அதாவது பொறி தாமதமாக வரும் நிலை. ஆக்சிலரேட்டர் லீவரை மூன்று நான்கு பல் கீழே இறக்குங்க. கலவைக் குமிழை இடப்பக்கமாக ஒரு முழுச் சுற்று திறங்க. இனி சாவியைப் போட்டு, சோக்கை இழுத்துப் பிடித்தபடி தரையில் இருக்கும் ஸ்டார்ட்டர் பட்டனைக் காலால் அழுத்துங்க. இன்ஜின் இரண்டு சுற்று சுற்றியதும் சோக்கை விட்டுடணும். அதற்கு மேல் இழுத்தால் பெட்ரோல் வழிந்து பிளக் நனையும். பற்றிக்கொண்டதும் ஸ்பார்க் லீவரைப் பாதி கீழே இறக்குங்க. சூடானதும் குமிழை மூடிக்கொண்டே வந்து கால் சுற்றுத் திறப்பில் நிறுத்துங்க.

இதில் மறக்கவே கூடாதது ஸ்பார்க் லீவர். கீழே இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டன் மேலே வருவதற்குள் தீப்பிடித்து இன்ஜினைப் பின்னுக்கு உதைக்கும். செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு கோர்க்கும் பென்டிக்ஸின் ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் இதனால்தான். கைக் கிராங்க் போடும்போது இதே தவறு நடந்தால் உடைவது மணிக்கட்டு. கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேல்நோக்கி மட்டும் இழுக்கணும் என்று சொல்வது இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வண்டி கிளம்பின பிறகும் லீவர் மேலேயே இருந்தால் இழுவை இருக்காது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதிக்கும், ரேடியேட்டர் பொங்கும். ரேடியேட்டர் அடைப்பு என்று பிரித்து மேய்ந்த வண்டிகளில் பாதிக்கு லீவர்தான் காரணம். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் லீவர் கிட்டத்தட்ட முழுசாகக் கீழே இருக்கட்டும். மேட்டில் வேகம் குறைந்து இன்ஜின் தட்டினால் கொஞ்சம் மேலே ஏற்றுங்க. இன்றைய வண்டியில் நாக் சென்சாரும் கணினியும் ஒவ்வொரு வெடிப்புக்கும் இதைத்தான் செய்கின்றன. இங்கே உங்க காதுதான் நாக் சென்சார்.

அடுத்தது கியர். மூன்று முன் கியர், எதிலும் சின்க்ரோ (கியர்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது. சின்க்ரோமெஷ் முதலில் வந்ததே 1928 கேடிலாக்கில்தான். மேலே மாற்றும்போது நியூட்ரலில் ஒரு நொடி நின்று போங்க. கீழே இறக்கும்போது கட்டாயம் டபுள் கிளட்ச்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு லேசாக ஆக்சிலரேட்டர், மறுபடி மிதித்து இரண்டாவது. கியர்பெட்டியில் மெல்லிய ஆயில் ஊற்றியிருந்தால் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் கரகரக்கும், ஏனென்றால் கியர்களின் சுழற்சியைத் தணிக்க அங்கே தடித்த ஆயில் வேண்டும். இந்த வண்டிக்குச் சொல்லப்பட்டது '600டபிள்யூ' என்ற தேன் மாதிரி ஆயில். இன்றைய ஜிஎல்-5 வகை இரண்டு விதத்தில் தப்பு: மெல்லிசு, அதோடு அதிலிருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை, வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடியது.

ஸ்பேனர்14:

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க, சுவாரசியமா இருக்கும்.

மாடல் ஏ: 3.3 லிட்டர், நாலு சிலிண்டர், கம்ப்ரெஷன் 4.22:1, 2,200 ஆர்பிஎம்ல 40 குதிரைத்திறன். அதே கம்பெனி 2012ல கொண்டுவந்த 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட்: மூணு சிலிண்டர், டர்போ, கம்ப்ரெஷன் 10:1, பெரிய வெர்ஷன் 125 குதிரைத்திறன்.

மூணுல ஒரு பங்கு சைஸ், மூணு மடங்கு பவர். ஆனா டார்க்கைப் பாருங்க. மாடல் ஏ 1,000 ஆர்பிஎம்லயே சுமார் 174 நியூட்டன் மீட்டர். ஈகோபூஸ்ட் 170 (கொஞ்ச நேரத்துக்கு 200 வரை போகும்), அதுவும் 1,400க்கு மேலதான் முழுசா. அதனால டாப் கியர்லயே 15 கிலோமீட்டர் வேகத்துல இருந்து இழுக்கும். ஓட்டிப் பார்க்காதவங்க 40 குதிரைன்னதும் சிரிப்பாங்க, மேடு ஏறும்போது சிரிப்பு நிக்கும்.

டாப் ஸ்பீடு 100க்குக் கொஞ்சம் மேல. இன்ஜின் நல்லா இருந்தா 80–90ல தாராளமாப் போகலாம்.

வெள்ளை_ஈயம்:

மேலே உள்ள கடைசி வரியைக் கேட்டுவிடாதீர்கள். 80–90 போகும், சந்தேகமில்லை. எத்தனை நாள் போகும் என்பதே கேள்வி. இந்த இன்ஜினில் கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். அவையும் கனெக்டிங் ராடு பேரிங்கும் இன்றைய ஷெல் பேரிங் அல்ல, நேராக வார்த்து ஊற்றிய வைட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவை. கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பெரிய முனைகளுக்கு ஆயில் அழுத்தத்தோடு போவதில்லை. ஆயில் பம்ப் மேலே ஏற்றிவிடும், அது தானாக வழிந்து தொட்டிகளில் நிற்கும், ராடின் அடியில் இருக்கும் கரண்டி அதை அள்ளித் தெளிக்கும். 65–70 கிலோமீட்டரில் நாள் முழுக்க ஓடும். அதற்கு மேல் மணிக்கணக்கில் ஓட்டினால் வைட் மெட்டல் உதிர ஆரம்பிக்கும், சத்தம் வந்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை, மறுபடி வார்க்க வேண்டியதுதான். டாப் கியரில் 15 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இழுப்பதும் அதே பேரிங்கைச் சுத்தியலால் தட்டுவது போல. இழுக்கும் என்பதற்காக இழுக்க வைக்கக் கூடாது.

பராமரிப்பு இடைவெளிதான் புது வண்டிக்காரர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. இன்றைய வண்டிக்கு ஆயில் 10,000–15,000 கிலோமீட்டர். இதற்கு 800 கிலோமீட்டர், ஏறக்குறைய 4.7 லிட்டர். ஆயில் ஃபில்டர் கிடையாது. கரியும் உலோகத்தூளும் ஆயிலிலேயே மிதக்கும், அதை வெளியே எடுக்கும் ஒரே வழி ஆயிலையே எடுப்பது. கிரீஸும் அதே 800க்கு. கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), ஸ்பிரிங் ஷாக்கிள், டை ராடு முனைகள், வாட்டர் பம்ப், பிரேக் ஷாஃப்ட் என்று ஒவ்வொரு நிப்பிளாகத் தேடி, பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கிப் புதுசு தெரியும் வரை அடிக்க வேண்டும். இன்றைய பால் ஜாயின்ட்டுகள் மூடி சீல் செய்தவை. தேய்ந்தால் கழற்றி வீசிவிடுவோம். இது தேயாமல் இருக்கவே கிரீஸ்.

எந்த ஆயில் என்று அடுத்து கேட்பீர்கள். இன்ஜின் பிரித்துச் சுத்தம் செய்யப்பட்டதாக இருந்தால் சாதாரண 10டபிள்யூ-30 அல்லது 15டபிள்யூ-40 போதும். எப்போது பிரித்தார்கள் என்றே தெரியாத இன்ஜினில் நேராக இன்றைய டிடர்ஜென்ட் ஆயிலை ஊற்றினால், பல வருடமாக அடியில் படிந்த கசடைக் கிளப்பி ஆயில் வழிகளில் கொண்டுபோய் அடைக்கும். முதலில் ஆயில் பேனைக் கழற்றுங்கள், விரலால் வழித்து எடுங்கள், புதுக் கேஸ்கட் போட்டு மூடுங்கள், பிறகு ஊற்றுங்கள்.

டைமிங்கை மட்டும் ஒருமுறை நீங்களே வைத்துப் பழகுங்கள். ஃபீலர் கேஜும் ஸ்குரூடிரைவரும் போதும். முதலில் பாயின்ட் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் திறந்து மூடி பொறியை எழுப்பும் தொடுமுனை) இடைவெளி: கேம் முழுசாகத் தூக்கி நிற்கும் இடத்தில் 0.5 மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 0.9. பிறகு ஸ்பார்க் லீவரை முழுக்க மேலே தள்ளுங்கள். இன்ஜினின் முன் மூடியில் ஒரு பின் திருகி இருக்கும்; அதைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, அதே ஓட்டையில் விட்டு விரலால் லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் வரும்போது இன்னொருவர் கிராங்கால் மெதுவாகச் சுற்றட்டும். ஓர் இடத்தில் பின் 'டக்' என்று உள்ளே விழும், கேம் கியரில் இருக்கும் குழியில். அங்கே நிறுத்துங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் கேமின் ஸ்குரூவைத் தளர்த்தி, ரோட்டர் முதல் சிலிண்டர் முனையை நோக்கி இருக்க, பாயின்ட் அப்போதுதான் பிரியத் தொடங்கும் நிலையில் கேமைப் பிடித்து இறுக்குங்கள். இறுக்கும்போது கேம் ஒரு மயிரிழை நகரும், மறுபடி பாருங்கள். பின்னை வெளியே எடுத்துத் திருப்பிப் போட மறக்க வேண்டாம். வெடிப்பு வரிசை 1-2-4-3. இன்றைய நாலு சிலிண்டர் பழக்கத்தில் 1-3-4-2 என்று கை தானாக வயர் போட்டுவிடும்.

ஒன்று மட்டும் இன்றே செய்ய வேண்டியது: ஒரிஜினல் இரண்டு இறக்கை ஃபேன் இன்னும் இருந்தால் கழற்றிவிடுங்கள். தகட்டை இணைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டு, ஓடும்போது ஒரு இறக்கை பிய்த்துக்கொண்டு ரேடியேட்டரையோ பானெட்டையோ கிழித்துக்கொண்டு போகும். பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தாலும் உள்ளே உலோகம் சலித்துப்போய்தான் இருக்கும்.

புதுக்கிளட்ச்:

ரொம்ப நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். 6 வோல்ட்டைக் கழற்றி 12 ஆக்கிவிடலாமா? எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா? ராடு பிரேக்கை ஹைட்ராலிக் ஆக்குவது நல்லதா?

மூணாவது_பிரஷ்:

6 வோல்ட்டுக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்தது ஒல்லிக் கேபிள்தான். அதே பவருக்கு 12ஐ விட இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடணும். இன்றைய வண்டியின் பேட்டரி கேபிளை இதில் மாட்டினால் கேபிளிலேயே வோல்ட் கரைந்து, செல்ஃப் சோம்பலாகச் சுற்றும். 1/0 கேஜ் கேபிள் போடுங்க, எர்த் பட்டையின் அடியில் பெயின்டையும் துருவையும் சுரண்டுங்க, பாதிப் பிரச்சினை அதோடு முடியும். 12 ஆக மாற்றினால் பல்பு, காயில் எல்லாம் மாற்றணும், 6 வோல்ட் செல்ஃப் 12ல் சுற்றினால் பென்டிக்ஸ் பல்லைப் போட்டு இடிக்கும்.

பாசிட்டிவ் எர்த் என்பதைப் பேட்டரி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்க. புது வண்டிப் பழக்கத்தில் நெகட்டிவை சேசிஸில் மாட்டுவது எல்லாரும் செய்கிற தப்பு. ஒரிஜினல் டைனமோவுக்கு ரெகுலேட்டர் இல்லை. டைனமோவுக்குள் இருக்கும் மூணாவது பிரஷை (கரன்ட் எடுக்கும் கரித்துண்டு) நகர்த்தித்தான் சார்ஜைக் கூட்டிக் குறைக்கணும். பகலில் மட்டும் ஓட்டுவதற்கு 6 ஆம்பியர் போதும், ராத்திரி விளக்கோடு ஓட்டினால் 10 பக்கம் வேண்டும். பகலிலும் 10ல் விட்டால் பேட்டரித் தண்ணீர் வற்றும்.

ஃபியூஸ் ஒன்றுகூடக் கிடையாது. பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? டேஷுக்குப் பின்னால், உங்க முழங்காலுக்கு நேர் மேலே. டேஷில் தெரியும் பெட்ரோல் கேஜ் டேங்கில் மிதக்கும் ஃப்ளோட்டேதான், நடுவில் வயர் இல்லை. அழகான வேலை. அதற்குக் கீழே 90 வருடத் துணி சுற்றிய வயர் ஓடுகிறது என்பதுதான் அழகில்லை. வயரிங் முழுசையும் மாற்றுங்க, ஸ்டார்ட்டர் சுவிட்ச் பக்கம் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்க.

எத்தனால்: ஓடும். 4.22:1 கம்ப்ரெஷனுக்கு எந்த ஆக்டேனும் போதும், ஈயச் சேர்மானம் ஊற்றுவது வீண். 10 சதவீத எத்தனால் கலவையை லேசாக வறளச் செய்யும், அதாவது காற்றின் அளவுக்குப் பெட்ரோல் குறைந்துபோகும். புது வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து கணினி பெட்ரோலைக் கூட்டிவிடும், நீங்க குமிழை இன்னும் அரைக்கால் சுற்று திறந்தால் முடிந்தது. ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம். டேங்கின் உள்ளே பழைய சீலர் பூசியிருந்தால் எத்தனால் அதைத் தோல் தோலாக உரித்து வால்வில் கொண்டுவந்து அடைக்கும். அடுத்தது ஈரம்: மாசக் கணக்கில் நின்றால் எத்தனால் தண்ணீரை இழுத்து அடியில் தங்கும். ஒரு மாசத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் வால்வை மூடி, கார்ப்பரேட்டர் காய்ந்து இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்க. சும்மா நிறுத்தும்போதும் வால்வை மூடணும். பம்ப் இல்லாமல் பெட்ரோல் தானாக இறங்குகிற அமைப்பு, ஃப்ளோட் ஊசியில் ஒரு தூசி மாட்டினாலும் டேங்க் முழுக்கத் தரையில்தான்.

பின்சக்கரம்:

ராடு பிரேக்கை மாற்றுவதற்கு முன் டிரம்மை மாற்றுங்கள். ஒரிஜினல் டிரம் அழுத்தி எடுத்த தகடு. ஷூ தள்ளும்போதே வளையும், சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் ஆழமாகப் போகும். டிஸ்க் பிரேக்கில் சூட்டில் டிஸ்க் பேடை நோக்கி விரியும், அதனால் இந்தத் தொல்லை இல்லை. வார்ப்பிரும்பு டிரம், வட்டத்துக்குப் பொருத்தித் தேய்த்த லைனிங், ஆட்டமில்லாத ராடு முனைகள்: இந்த மூன்றும் இருந்தால் ராடு பிரேக்கே நாலு சக்கரத்தையும் பிடித்து நிறுத்தும்.

செட்டிங் இப்படி. நாலு சக்கரத்தையும் தூக்கி நிறுத்துங்கள். பெடலில் முதல் ஒரு அங்குலம் சும்மா இருக்கட்டும். அடுத்த அரை அங்குலத்தில் பின்சக்கரங்கள் உரச ஆரம்பிக்க வேண்டும், முன்னது இன்னும் சுற்ற வேண்டும். இன்னும் அழுத்தினால் பின் இரண்டும் பூட்டிக்கொள்ள, முன் இரண்டையும் கையால் கஷ்டப்பட்டுத் திருப்ப முடிய வேண்டும். இடது வலது ஒரே அளவு இருப்பது முக்கியம், இல்லையென்றால் பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: இன்றைய வண்டியில் முன்சக்கரம்தான் முதலில் பிடிக்கும்படி அமைத்திருப்பார்கள், அப்போதுதான் பின்பக்கம் சுழன்று வராது. மாடல் ஏ-வில் முறை தலைகீழ், ஸ்டியரிங் போய்விடக் கூடாது என்பது அன்றைய கணக்கு. ஈரச் சாலையில் ஓங்கி மிதித்தால் பின்பக்கம் நழுவும். ஏபிஎஸ் பழக்கத்தில் 'மிதித்துவிட்டுத் திருப்பலாம்' என்று கால் நினைக்கும்; இங்கே மிதித்து, விட்டு, மிதிக்க வேண்டும்.

வேகக் கணக்கு: 60 கிலோமீட்டரில் இன்றைய வண்டி காய்ந்த சாலையில் 0.9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.9 பங்கு) பிடித்தால் பிரேக் தூரம் சுமார் 16 மீட்டர். நல்ல செட்டிங்கில் இந்த வண்டி 0.5 ஜி பிடித்தால் 28 மீட்டர். முன்னால் போகிற புது வண்டி சட்டென்று நின்றால் இந்த 12 மீட்டர் எங்கிருந்து வரும்? இடைவெளியாக நீங்கள் முன்கூட்டியே விட்டால்தான் உண்டு. 4.75 அங்குல டயரின் அகலம் 121 மில்லிமீட்டர், இன்றைய சாதாரண வண்டிக்கு 195–205. டயரில் நூல் நூலாக விரிசல் இருந்தால் பட்டன் புதுசாக இருந்தாலும் மாற்றுங்கள். பக்கத்தில் அச்சிட்ட கடைசி நாலு எண் வாரமும் வருடமும்.

மோதினால் என்ன ஆகும் என்பதையும் பூசி மெழுக வேண்டாம். "பழைய வண்டி இரும்பு, புதுசு தகரம்" என்பவர்களுக்கு 2009இல் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய மோதல் சோதனை பதில்: 1959 ஷெவ்ரலே பெல் ஏரும் 2009 மாலிபுவும், மணிக்கு 64 கிலோமீட்டரில், முகத்தின் ஒரு பாதி மட்டும் மோதும்படி. பழைய வண்டியில் ஓட்டுநர் இடமே உள்ளே நசுங்கியது, புதியதில் கேபின் நின்றது. 1930 வண்டியில் ஸ்டியரிங் தண்டு கியர்பெட்டி மாதிரி ஒரு பெட்டியிலிருந்து நேராக உங்கள் நெஞ்சுக்கு வரும் ஈட்டி. பெல்ட் போடுவதென்றால் மரத்தரையில் அல்ல, சேசிஸோடு சேர்த்த தகட்டில் போல்ட் போட வேண்டும். மாடல் ஏ-வின் முன்பக்கக் கண்ணாடி லாமினேட் செய்தே வந்தது. இடையில் யாராவது சாதாரண ஜன்னல் கண்ணாடி போட்டிருக்கிறார்களா என்று ஓரத்தைப் பாருங்கள், இரண்டு அடுக்குத் தெரிய வேண்டும். பின்னால் இரண்டாவது பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் கட்டாயம் சேருங்கள். ஒற்றை மங்கல் விளக்கைப் பார்த்து எவரும் பிரேக் போட மாட்டார்கள்.

கோட்ரீடர்:

புது வண்டிக்காகவும் யாராவது பேசணுமே. வழியில் நின்றால் என்ன செய்வீங்க என்பதில்தான் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம்.

புது வண்டியில் ஸ்கேனர் மாட்டினால் பி0335, கிராங்க் சென்சார் என்று காட்டும். இடத்தைச் சொல்லும், ஆனால் சாலையோரத்தில் அந்த சென்சாரை ரிப்பேர் பண்ண முடியாது, இருபது வருடம் கழித்து அந்த மாடலின் கன்ட்ரோல் யூனிட் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. மாடல் ஏ 48 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. கேஸ்கட்டிலிருந்து கதவுக் கைப்பிடி வரை இன்றும் புதுசாக வார்க்கிறார்கள். உதிரிபாகம் பற்றிக் கவலை வேண்டாம்.

அது நின்றால் பார்க்க இரண்டே விஷயம். கார்ப்பரேட்டர் அடியில் டிரெயின் பிளக்கைத் திறங்க. பென்சில் கனத்துக்குப் பெட்ரோல் தொடர்ந்து ஓடினால் பெட்ரோல் பக்கம் சரி. சொட்டினால் வால்வோ சல்லடையோ அடைப்பு, டேங்க் மூடியின் காற்றுத் துளையும் அடைந்திருக்கலாம். ஓடினால், அடுத்து டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி, சாவி போட்டு, பாயின்ட்டை ஸ்குரூடிரைவர் நுனியால் திறந்து திறந்து மூடுங்க. மெல்லிய நீலப் பொறி என்றால் நல்லது. கொழுத்த மஞ்சள் பொறி என்றால் கண்டென்சர் (பாயின்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளை) போச்சு. பொறியே இல்லை என்றால் பாயின்ட் கருகியிருக்கு அல்லது கரன்ட் வரவில்லை. கண்டென்சர் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் வேகிற இடத்தில் இருக்கிறது, சூடானதும் நின்று ஆறினதும் எழுந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். சீட்டுக்கு அடியில் ஒரு கண்டென்சர், ஒரு செட் பாயின்ட், ரோட்டர், ஃபேன் பெல்ட், இரண்டு பிளக், 5 லிட்டர் தண்ணீர்.

தண்ணீரை விளிம்பு வரை ஊற்ற வேண்டாம். இது அழுத்தமில்லாத ரேடியேட்டர், அதிகமானதைக் குழாய் வழியே துப்பி, தனக்கு வேண்டிய அளவில் நிற்கும். துப்புவதைப் பார்த்துப் பயந்து மறுபடி நிரப்புவார்கள், மறுபடி துப்பும். உள்ளே எட்டிப் பார்த்தால் டியூப்களின் மேல்பகுதி மூழ்கியிருந்தால் போதும்.

புதுக்கிளட்ச்:

ஃபேன், வயரிங், டிரம் என்ற வரிசையில் ஆரம்பிக்கிறேன். டிரம் கழற்றும்போது கிங்பின் ஆட்டம் எவ்வளவு வரை விடலாம்?

பின்சக்கரம்:

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். உதவிக்கு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். அப்போதும் ஆடினால் கிங்பின் புஷ். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங், நட்டை இறுக்கினால் போதும். புஷ்ஷில் கைக்குத் தெரியும் ஆட்டம் எதையும் விட வேண்டாம். 50 கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரம் இரண்டும் தலையாட்ட ஆரம்பிக்கும், வண்டி நிற்கும் வரை அந்த ஆட்டம் நிற்காது. புது புஷ் போட்டு ரீமர் விட்ட பிறகு டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) 1.5 மில்லிமீட்டர் வைத்துப் பாருங்கள்.